கொடையும் கொள்முதலும்: பல்லடம் – திருப்பூர் வட்டாரப் பள்ளிக் குழந்தைகளும் வெளியார் உதவியும்

ஆய்வுச் சுருக்கம்

வறிய வட்டாரம் ஒன்றின் பள்ளிக் குழந்தைகளுக்கும் அவர்தம் குடும்பங்களுக்கும் வெளிநாட்டுக் கொடையாளரும் தன்னார்வலரும் செய்யும் உதவி பெரும்பாலும் அறச்செயலாகவே பதிவு செய்யப்படுகிறது. பல்லடம் – திருப்பூர் வட்டாரத்தில் அவ்வுதவிக்குப் பொருளியல் முகம் ஒன்றும் உண்டு. இங்குத் தைக்கப்படும் ஆடையை வாங்கி உடுத்தும் மேலைநாடுகளிலிருந்தே இங்குள்ள குழந்தைகளுக்கான கல்வி உதவியும் வந்தது. கொடையாளரும் கொள்முதலாளரும் ஒரே சமூகத்தினராக அமைந்த இந்நிலையின் வரலாற்றை இக்கட்டுரை தொகுத்து நோக்குகிறது. கொடை பள்ளியின் வாயிலைத் திறந்தது. குழந்தை அங்குத் தொடர்ந்து பயில்வதைப் பெற்றோரின் கூலியே முடிவு செய்தது என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: பல்லடம், திருப்பூர், பின்னலாடை, மதிய உணவு, குழந்தைத் தொழில், தன்னார்வ அமைப்புகள், வெளிநாட்டுக் கொடை.

முன்னுரை

கோயம்புத்தூர் – திருச்சிராப்பள்ளி நெடுஞ்சாலையும் திருப்பூர் – பொள்ளாச்சிச் சாலையும் சந்திக்கும் இடத்தில் பல்லடம் அமைந்துள்ளது. முற்காலத்தில் பல்லடம் வட்டத்துள் அடங்கிய ஊராகத் திருப்பூர் இருந்தது. 2009 பிப்ரவரியில் திருப்பூர் மாவட்டம் உருவானபோது பல்லடம் அதன் வட்டங்களுள் ஒன்றாயிற்று. நிர்வாக நிலை இவ்வாறு தலைகீழாக மாறியதற்குப் பனியன் தொழிலின் வளர்ச்சியே காரணம். திருப்பூரின் அடையாளம் பின்னலாடை எனில், விசைத்தறியும் நூற்பாலையும் கறிக்கோழிப் பண்ணையும் பல்லடத்தின் அடையாளங்கள். இரண்டையும் ஒரே தொழில் வட்டாரமாகக் கொள்வதே பொருந்தும்.

இவ்வட்டாரத் தொழிலைப் பற்றிய ஆய்வுகள் பல உள்ளன. சரத் சாரி 2004இல் வெளியிட்ட நூல் கொங்கு உழவர் சமூகத்தினர் முதலாளிகளாக உயர்ந்த முறையை விளக்கியது. கிரேஸ் கார்ஸ்வெல், கீர்ட் டி நீவ் ஆகியோர் திருப்பூரைச் சுற்றிய சிற்றூர்களில் சாதி, கடன், கூலி ஆகியவற்றின் பிணைப்பை ஆராய்ந்தனர். இவை தொழிலாளரையும் முதலாளியையும் மையமாகக் கொண்டவை. பள்ளிக் குழந்தையை மையத்தில் நிறுத்தி, அக்குழந்தையை நாடி வந்த உதவிகளை வரிசைப்படுத்தினால் இதே வரலாறு வேறொரு கோணத்தில் புலப்படும்.

நாகர்கோவில் முன்னோடி

கொடையும் கொள்முதலும் ஒரே கையிலிருந்து வருவது தமிழகத்துக்குப் புதிதன்று. இதற்கான தெளிவான முற்காலச் சான்று கொங்கு நாட்டுக்கு வெளியே, அன்றைய தென்திருவிதாங்கூரில் கிடைக்கிறது. இலண்டன் மிஷன் சங்கத்தார் 1820களில் நாகர்கோவிலில் நடத்திய பெண்கள் விடுதிப் பள்ளிக்கு இங்கிலாந்துக் கொடையாளர் ஆண்டுதோறும் தொகை அனுப்பினர். ஒரு கொடையாளர் ஒரு சிறுமியின் உணவு, உடைச் செலவை ஏற்பார். அவர் விரும்பிய பெயர் அச்சிறுமிக்கு இடப்படுவதும் உண்டு. ‘ஒரு குழந்தைக்கு ஒரு கொடையாளர்’ எனப் பிற்காலத்தில் பரவிய முறையின் கூறுகள் அனைத்தும் இங்கு முன்னரே காணப்படுகின்றன.

அப்பள்ளியில் மார்த்தா மால்ட் அம்மையார் ரேந்தை எனப்படும் லேஸ் பின்னலைக் கற்பித்தார். சிறுமியர் பின்னிய ரேந்தை ஐரோப்பியரிடம் விற்கப்பட்டது. திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855இல்தான் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்பே அடிமைக் குடும்பத்துச் சிறுமியர் சிலர் தம் பின்னல் வருவாயைக் கொண்டு தம் விடுதலையை விலைக்குப் பெற்றனர். மால்ட்டின் மகளும் இராபர்ட் கால்டுவெல்லின் மனைவியுமான எலிசா கால்டுவெல் இத்தொழிலைப் பின்னர் இடையன்குடிக்குக் கொண்டு சென்றார்.

இந்நிகழ்வில் இரண்டு வகைப் பணம் சிறுமியை அடைந்தது. கொடைப்பணம் உணவும் எழுத்தறிவும் தந்தது. அதனோடு கொடையாளரின் பெயரையும் சுமத்தியது. உழைப்புக்கான விலையாக வந்த பணமோ அடிமைத்தளையை நீக்கியது. இவ்வேறுபாடு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் திருப்பூரை விளங்கிக்கொள்ளவும் உதவும்.

கதர்க் காலமும் உள்ளூர்க் கொடையும்

கொள்முதலையே அறமாகக் கருதும் போக்கு கொங்கு வட்டாரத்தில் கதர் இயக்கத்தின் வழியே வேரூன்றியது. 1920களிலும் 1930களிலும் தமிழ்நாட்டுக் கதர் உற்பத்தியின் முதன்மை மையமாகத் திருப்பூர் விளங்கியது. கதர் வாங்குவது சிற்றூரில் இராட்டை சுற்றும் பெண்ணுக்குக் கூலி தருவதாகும் என்பது அவ்வியக்கத்தின் பரப்புரை. தருமமாக அளிப்பதைக் காட்டிலும் வேலைக்குக் கூலியாக அளிப்பதே மதிப்புடையது என்னும் கருத்து அதன் உட்பொருள்.

இக்காலத்தில் உள்ளூர் வணிகக் குடும்பங்கள் கல்விக்கொடையிலும் முன்னின்றன. திருப்பூரில் 1903இல் பிறந்த தி. சு. அவிநாசிலிங்கம் 1930இல் கோயம்புத்தூரில் ஸ்ரீ இராமகிருஷ்ண வித்யாலயத்தை நிறுவினார். 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராகவும் பணியாற்றினார். நிறுவனம் அமைத்து, அதனை உள்ளூராரே நடத்தும் கொடை மரபுக்கு அவர் எடுத்துக்காட்டு. அடுத்த கட்டத்தில் வெளிநாட்டு உதவி வந்தபோது அதனை ஏற்பதற்கான உள்ளூர் அடித்தளம் இத்தகைய மரபினால் உருவாகியிருந்தது.

மதிய உணவு: உள்ளூர்ப் பங்கும் அமெரிக்க மாவும்

பள்ளியில் உணவளித்துக் குழந்தைகளை ஈர்க்கும் முயற்சி சென்னை மாநகராட்சியில் 1920இலேயே தொடங்கியது. பிட்டி தியாகராயர் தலைமையிலான மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பள்ளியில் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. மாநிலம் தழுவிய திட்டம் காமராசர் ஆட்சியில் உருவாயிற்று. 1956இல் ஊர்ப் பொதுமக்களின் நெல்லும் பருப்பும் விறகும் கொண்டு மதிய உணவு தொடங்கியது. பின்னர் அரசு செலவில் 60 விழுக்காட்டை ஏற்க, எஞ்சிய 40 விழுக்காட்டை ஊரார் திரட்டினர். கல்வித்துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு 1958 முதல் முன்னெடுத்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் கரும்பலகை, இருக்கை, கடிகாரம், சீருடை முதல் கட்டடம் வரையிலான தேவைகளை ஊரார் கொடையால் நிறைவு செய்தன. அன்று கல்வித்துறையையும் தம் பொறுப்பில் கொண்டிருந்த சி. சுப்பிரமணியம் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தவர்.

இந்த ஏற்பாட்டுக்குள்தான் வெளிநாட்டு உதவி 1961இல் நுழைந்தது. இரண்டாம் உலகப் போரால் சிதைந்த ஐரோப்பாவுக்கு உணவுப் பொதிகள் அனுப்புவதற்காக 1945 நவம்பரில் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ‘கேர்’ அமைப்பு 1950 முதல் இந்தியாவில் செயற்பட்டு வந்தது. அமெரிக்க அரசின் 1954ஆம் ஆண்டு உபரி வேளாண்பொருள் சட்டம் அதற்கு வேண்டிய தானியத்தை வழங்கியது. பால்மாவும் மக்காச்சோள மாவும் கோதுமை ரவையும் எண்ணெயும் தமிழகப் பள்ளிகளை வந்தடைந்தன. கைகுலுக்கும் இரு கைகளின் சின்னம் பொறித்த எண்ணெய்த் தகரங்களும் மஞ்சள் நிற மாவில் கிண்டிய உப்புமாவும் ஒரு தலைமுறையின் பள்ளி நினைவில் நிலைத்துவிட்டன.

உபரித் தானியத்தைக் குறைப்பது அமெரிக்க வேளாண் கொள்கையின் தேவை. பனிப்போர்க் கால நல்லெண்ணம் அதன் அயலுறவுத் தேவை. கொடைக்குள் கொடுப்பவரின் நலமும் கலந்திருந்தது. ஆயினும் தமிழகத்தில் இவ்வுதவியின் விளைவு நிலைத்தது. பொருளை இறக்கி ஊர்களுக்குக் கொண்டுசேர்க்கும் செலவை அரசு ஏற்றது; சமைத்துப் பரிமாறும் பொறுப்பு பள்ளியிடமும் ஊராரிடமும் இருந்தது. உணவை உண்ணும் குழந்தையை எந்தக் கொடையாளரும் பெயர் குறித்துத் தெரிவு செய்யவில்லை. எனவே வெளிநாட்டுத் தானியத்தைச் சார்ந்திராமலே சமையற்கூடத்தைத் தொடர முடிந்தது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். திருச்சிராப்பள்ளி மாவட்டம் பாப்பாக்குறிச்சி காட்டூரில் தொடங்கிய சத்துணவுத் திட்டம் இவ்வடித்தளத்தின்மீதே விரிந்தது.

பனியன் கம்பெனியும் கைமடியும்

சத்துணவு விரிவடைந்த அதே பத்தாண்டில் திருப்பூரில் வேறொரு விசை குழந்தைகளைப் பள்ளியிலிருந்து வெளியே இழுத்தது. 1970களின் இறுதியில் ஐரோப்பியக் கொள்முதலாளர் திருப்பூர்ப் பனியனை நாடத் தொடங்கினர். 1985இல் ஏறத்தாழ 19 கோடி ரூபாயாக இருந்த பின்னலாடை ஏற்றுமதி 1990இல் ஏறத்தாழ 290 கோடி ரூபாயாயிற்று. அதே ஆண்டு திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் அமைந்தது. இதற்கிடையே 1984இல் பஞ்சப்படி கோரி பனியன் தொழிலாளர் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். அதன் பின்னர் உற்பத்தி சிறு சிறு பட்டறைகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்படுவது பெருகிற்று. பெண்களும் சிறுவர்களும் மிகுதியாக உள்ளே வந்தனர்.

பவர்டேபிள் தையற்காரருக்கு அருகில் நின்று துணியை மடித்துக் கொடுக்கும் ‘கைமடி’, பிசிறு வெட்டுதல், அடுக்குதல் ஆகியவை சிறுவர் செய்த வேலைகள். தென்மாவட்டங்களிலிருந்து குடிபெயர்ந்து லைன் வீடுகளில் தங்கிய குடும்பங்களுக்குச் சனிக்கிழமைச் சம்பளமே வாரச் செலவுக்கான பணம். இக்குடும்பங்களின் கணக்கில் சத்துணவு மிச்சப்படுத்தியது ஒரு குழந்தையின் ஒருவேளை உணவுச் செலவை. கைமடி வேலை ஈட்டித் தந்தது வாடகைக்கும் அரிசிக்குமான பணத்தை. அவசர ஆர்டர் முடிக்க ஒன்றரை ஷிப்டு ஓடும் வாரங்களில் இவ்விடைவெளி மேலும் அகன்றது. 1956ஆம் ஆண்டுத் திட்டம் பசியால் பள்ளிக்கு வராத குழந்தையை மனத்தில் கொண்டு உருவானது. கூலிக்காகப் பள்ளியை விட்ட குழந்தைக்கு அத்திட்டத்தில் விடையில்லை.

சட்டமும் போதிய விடை தரவில்லை. 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் துணி அச்சிடல், சாயமிடல், நெய்தல் ஆகியவற்றில் 14 வயது நிரம்பாதோரைப் பணியமர்த்தத் தடை விதித்தது. ஆனால் குடும்பத்தார் துணையுடன் நடத்தும் பட்டறைக்கு விலக்களித்தது. கூலிக்கு நெசவு செய்யும் விசைத்தறிக் குடும்பங்கள் மிகுந்த பல்லடம் பகுதிக்கு இவ்விலக்கு முக்கியமானது. தறிப்பட்டறையில் முன்பணம் பெற்று அதனால் கட்டுண்ட தொழிலாளர் நிலையைக் கார்ஸ்வெல், டி நீவ் ஆய்வுகள் எடுத்துக்காட்டியுள்ளன. முன்பணம் தீரும்வரை குடும்பம் முழுதும் உழைக்க நேரும்போது குழந்தையின் பள்ளிப் படிப்பும் அந்தக் கடன் கணக்குக்குள் வந்துவிடுகிறது.

கொள்முதலாளரின் மனச்சான்று

1990களில் இந்நிலை மேலைநாடுகளில் விவாதப் பொருளாயிற்று. குழந்தை உழைப்பால் உருவான பொருள்களின் இறக்குமதியைத் தடுக்கும் மசோதாவை அமெரிக்கச் செனட்டர் டாம் ஹார்கின் 1992இல் கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை; எனினும் அச்சமே போதியதாயிற்று. வங்கதேச ஆடை ஆலைகள் ஏறத்தாழ 50,000 குழந்தைகளை வேலையிலிருந்து நீக்கின என யுனிசெஃப் மதிப்பிட்டது. நீக்கப்பட்டோர் பலர் கல்லுடைத்தல் போன்ற கொடிய வேலைகளுக்குச் சென்றனர். அதன்பின் 1995 ஜூலையில் ஆடை உற்பத்தியாளர் சங்கம், பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, யுனிசெஃப் ஆகியவை செய்த உடன்பாட்டில், பள்ளியில் சேரும் குழந்தைக்கு மாதம் 300 டாக்கா உதவித்தொகை சேர்க்கப்பட்டது. இழந்த கூலிக்கு ஈடு செய்யாமல் பள்ளி நிலைக்காது என்பதை அந்நாடு துன்பத்தின் வழியே கற்றது.

தமிழகத்தில் இப்பாடத்தை நீதிமன்றம் வேறு வகையில் உரைத்தது. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் குறித்து எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறிப் பணியமர்த்திய முதலாளி ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் நல நிதியில் செலுத்த வேண்டும். குழந்தைக்கு மாற்றாக அக்குடும்பத்தின் வயதுவந்த ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு வழி செய்ய வேண்டும், இயலாவிடில் 5,000 ரூபாய் அளிக்க வேண்டும். கொடையாளர் விரும்பி அளிப்பதை உழைப்பைப் பெற்றவரின் கடனாக இத்தீர்ப்பு மாற்றியது.

1988இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் பின்னர்க் கோயம்புத்தூர் மாவட்டத்துக்கும் வந்தது. வேலையிலிருந்து மீட்கப்பட்ட குழந்தைகளுக்கான சிறப்புப் பள்ளிகளில் மதிய உணவோடு மாதம் 100 ரூபாய் உதவித்தொகையும் வழங்கப்பட்டது. இதனோடு இணையாகத் தன்னார்வ அமைப்புகள் இயங்கின. திருப்பூரில் 1993இல் தொடங்கப்பட்ட ‘சேவ்’ அமைப்பு இணைப்புக் கல்வி மையங்கள் நடத்தி, இடைநின்ற குழந்தைகளை முறைசார் பள்ளிக்கு அனுப்ப முயன்றது. தொழிலாளர் உரிமைத் துறையிலும் ஈடுபட்டது. ஐரோப்பிய அமைப்புகளுடன் கொண்ட தொடர்பு இத்தகைய உள்ளூர் அமைப்புகளுக்கு நிதியையும் ஆடை விற்கும் நாடுகளில் பேசுவதற்கான மேடையையும் தந்தது.

கொடை முறையிலும் அக்காலத்தில் மாற்றம் நிகழ்ந்தது. 1972இல் 88 கொடையாளர் 88 குழந்தைகளைப் பேணுவதாகத் தொடங்கிய பிரித்தானிய அமைப்பான ‘ஆக்‌ஷன் எய்டு’ போன்றவை, தனிக் குழந்தையைத் தெரிவு செய்வதை விடுத்துச் சமூகத்தின் உரிமையை முன்னிறுத்தும் போக்குக்கு மாறின. நாகர்கோவிலில் குழந்தையின் பெயரையே மாற்றிய உறவு, இப்போது குழந்தையின் குடும்பமும் தெருவும் தொழிற்கூடமும் அடங்கிய உறவாக விரிந்தது.

பதினான்கு வயதுக்கு அப்பால்

உதவியின் எல்லை வயதில் வெளிப்பட்டது. 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலானோரைக் காத்தது. பன்னாட்டு வணிக நிறுவனங்களின் நடத்தை விதிகளும் பெரும்பாலும் இவ்வயதையோ இதையொட்டிய வயதையோ அளவாகக் கொண்டன. எனவே 14 வயதைக் கடந்த சிறுமி கொடையாளரின் பார்வையிலிருந்தும் தணிக்கையாளரின் பார்வையிலிருந்தும் ஒருசேர விலகினாள். அந்த இடத்தில் நூற்பாலை அவளுக்காகக் காத்திருந்தது.

சுமங்கலித் திட்டம் என வழங்கிய ஏற்பாட்டில் தென்மாவட்டத்து வறிய குடும்பங்களின் இளம்பெண்கள் ‘பயிற்சியாளர்’ என்னும் பெயரில் மூன்றாண்டுகள் ஆலை விடுதியில் தங்கி வேலை செய்தனர். முடிவில் ஒரு தொகை தரப்படும். அது திருமணச் செலவுக்கு உதவும் என்பது வாக்குறுதி. நெதர்லாந்தைச் சேர்ந்த சோமோ ஆய்வு மையமும் இந்தியக் குழுவும் 2011 மே மாதம் வெளியிட்ட அறிக்கை இம்முறையின் நீண்ட வேலைநேரத்தையும் நடமாட்டக் கட்டுப்பாட்டையும் ஐரோப்பியக் கடைத்தெருவரை கொண்டு சென்றது. அதன்பின் பிரித்தானியாவின் நெறிசார் வணிக முயற்சி அமைப்பு தமிழகத்தில் ஆலைத் தொழிலாளர் திட்டம் ஒன்றை மேற்கொண்டது.

கொள்முதல் நாட்டுக் குடிமக்களின் பணம் இம்முறை மதிய உணவுக்கோ புத்தகப் பைக்கோ செல்லாமல் ஆய்வுக்குச் சென்றது. உதவியின் வரலாற்றில் இது குறிப்பிடத்தக்க திருப்பம். ஆயினும் தணிக்கையை எழுப்பிய சந்தையே துணியின் விலையைக் குறைக்கவும் வற்புறுத்தியது. 2005 ஜனவரி 1 அன்று பல்லிழை உடன்பாட்டின் ஒதுக்கீட்டு முறை முடிவுற்றதால் விலைப்போட்டி மேலும் கடுமையாகியிருந்தது. நன்னடத்தை விதியும் குறைந்த விலையும் ஒரே கொள்முதல் மேசையிலிருந்து வந்தன. அவற்றிடையேயான முரண் சிறுமியின் கூலியிலும் அவளது இடைநிற்றலிலும் தீர்வு தேடியது.

அண்மைக் காலம்

இன்று பல்லடம் – திருப்பூர் வட்டாரத்தின் தொழிற்கூடங்களில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டு முதலிய மாநிலங்களைச் சேர்ந்தோர் பெருந்தொகையினராக உள்ளனர். அவர்தம் குழந்தைகளுக்கு வறுமையோடு மொழியும் தடையாகிறது. வேலை தேடி ஆண்டின் நடுவே குடும்பம் இடம்பெயரும்போது பள்ளியும் மாறுகிறது. தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் 2021இல் ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்துடன் இணைக்கப்பட்டதால், சிறப்புப் பள்ளிகள் ஏற்றிருந்த பொறுப்பு பொதுப் பள்ளிகளைச் சேர்ந்தது.

2020 மார்ச்சில் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது வெளிநாட்டு ஆர்டர்கள் நிறுத்தப்பட்டன, பள்ளிகளும் மூடப்பட்டன. கொள்முதல் தடைப்படுவதும் கல்வி தடைப்படுவதும் ஒரே வாரத்தில் ஒரே குடும்பத்தைத் தாக்கின. 2021 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ தெருவிலேயே தன்னார்வலரைத் தேர்ந்து மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையுடன் மாலை வகுப்புகளை நடத்தியது. 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கி 2023 ஆகஸ்டு 25 அன்று அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்த காலை உணவுத் திட்டம், காலை ஷிப்டுக்கு விரையும் தாய்மாரைக் கொண்ட இவ்வட்டாரத்துக்குத் தனிப்பொருள் உடையது. 2022 டிசம்பர் 19 அன்று தொடங்கப்பட்ட ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ முன்னாள் மாணவரையும் அயல்நாட்டுத் தமிழரையும் கொடையாளராக அழைக்கிறது. பள்ளிச் சீரமைப்பு மாநாட்டு மரபு கடல் கடந்து விரிந்த வடிவமாக இதனைக் கொள்ளலாம்.

இம்முயற்சிகள் உணவையும் வகுப்பையும் கட்டடத்தையும் வலுப்படுத்துகின்றன. எனினும் 2025 ஆகஸ்டு 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 விழுக்காடு சுங்கவரி விதித்தபோது திருப்பூரில் எழுந்த கலக்கம், இவ்வட்டாரக் குடும்ப வருவாய் இன்னும் அயல்நாட்டு முடிவொன்றில் தொங்குவதை மீண்டும் காட்டியது.

முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, வெளிநாட்டுக் கொடை உள்ளூர்ப் பங்கோடும் பொது நிறுவனத்தோடும் இணைந்தபோதே கொடையாளர் விலகிய பின்னும் பயன் நிலைத்தது. மதிய உணவு இதற்குச் சான்று. இரண்டாவது, பசிக்கான உதவி கூலியிழப்புக்கு ஈடாகவில்லை. 1980களின் கைமடிச் சிறுவரும் வங்கதேச உடன்பாடும் சிவகாசித் தீர்ப்பும் இதனை வெவ்வேறு வகையில் உணர்த்தின. மூன்றாவது, கொடையாளரும் கொள்முதலாளரும் ஒரே சமூகத்தினராக இருக்கும் வட்டாரத்தில் கொடையை விலையிலிருந்து பிரித்து மதிப்பிட இயலாது. பெற்றோரின் கூலியில் குறைக்கப்பட்டது பிள்ளையின் கல்வி உதவியாகத் திரும்பி வருமாயின் அது ஈடேயன்றிக் கொடையாகாது.

இக்கருதுகோளை ஊர் அளவில் சோதிப்பதற்கான சான்று பள்ளிகளிலேயே உள்ளது. பல்லடம் வட்டப் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகளும் வருகைப் பதிவேடுகளும் மாற்றுச் சான்றிதழ்ப் பதிவேடுகளும் குழந்தை எந்த மாதத்தில் வந்தது, எந்த மாதத்தில் நின்றது என்பதைக் காட்டுபவை. அவற்றை ஏற்றுமதிப் பருவங்களோடும் விசைத்தறிக் கூலிப் போராட்டக் காலங்களோடும் பொருத்திப் படித்தால், உதவித் திட்டங்கள் எட்டிய இடமும் எட்டாத இடமும் பெயர்ப்பட்டியல் அளவில் தெளிவாகும். பதிவேடுகள் அழியுமுன் அவற்றைத் தொகுப்பது இவ்வட்டார வரலாற்று ஆய்வின் உடனடிப் பணியாகும்.